மீதி 18 யாருக்கு?

சில வருடங்களுக்கு முன் ஒரு நள்ளிரவு. பெங்களூரிலிருந்து அக்கா மகன் தொலைபேசியில் கூப்பிட்டான். "மாமா, அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விழுந்திடுச்சு" என்றான். குரல் உடைந்திருந்தது. எனக்குத் தூக்கம் பறந்தது. பத்திரிகைக்காரனின் கை முதலில் டி.வி.யைத்தான் தேடியது. எந்தச் சேனலிலும் விபத்து இல்லை. "எங்கேடா? நமக்குத் தெரிஞ்சவங்க யாராவது அதுல இருந்தாங்களா?" என்றேன். மறுமுனையில் கொஞ்சம் மௌனம். பிறகு, "விமானம் இல்ல மாமா. சீட்டு" என்றான்.

போக்கர் ஆட்டத்தில் முதல் இரண்டு சீட்டும் ஏஸ் ஆக வந்தால் அதற்கு 'அமெரிக்கன் ஏர்லைன்ஸ்' என்று பெயராம். ஆங்கிலத்தில் இரண்டு 'ஏ'. அந்த விமானக் கம்பெனியின் சுருக்கெழுத்தும் அதுவே. ஆரம்பத்தில் கையில் கிடைக்கக்கூடிய சீட்டுகளிலேயே உயர்ந்தது அதுதான். அது கையில் வந்த தைரியத்தில் கணக்கில் இருந்ததை எல்லாம் வைத்திருக்கிறான். எதிராளியிடம் ராஜா ஜோடி. கடைசிச் சீட்டாக இன்னொரு ராஜா வந்து இறங்கியிருக்கிறது. போனது மூன்று மாத வீட்டு வாடகை. "அம்மாகிட்ட சொல்லிடாதீங்க மாமா" என்று முடித்தான்.

வெட்கத்தோடு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பையனின் வாடகையைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன்னால், அந்தப் பெயரை ரசித்தேன். மொழிபெயர்ப்பில் காலம் தள்ளுகிறவனுக்கு உள்ள வியாதி இது. வீடு தீப்பிடித்தாலும் 'ஜுவாலை' என்பதா 'தழல்' என்பதா என்று யோசிப்போம். அந்த வாரமே போக்கர்காரர்களின் பட்டப்பெயர்களைச் சேகரிக்க ஆரம்பித்தேன்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு சுருக்கம். இன்று உலகமெங்கும் ஆடப்படுவது 'டெக்ஸாஸ் ஹோல்டெம்' என்ற வகை. 20ஆம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் டெக்ஸாஸ் மாநிலத்தில் பிறந்தது. ராப்ஸ்டவுன் என்ற சிற்றூரே அதன் பிறப்பிடம் என்று 2007இல் அம்மாநிலச் சட்டசபை தீர்மானம் போட்டு அங்கீகரித்தது. ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு கவிழ்த்துப் போடப்படும். பிறகு மேஜை நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டுகள்: முதலில் மூன்று, அப்புறம் ஒன்று, கடைசியில் ஒன்று. கையில் உள்ள இரண்டையும் பொதுவான ஐந்தையும் சேர்த்து, சிறந்த ஐந்தை அமைப்பவருக்கு வெற்றி. ஒவ்வொரு கட்டத்திலும் பணம் கட்டலாம், அல்லது சீட்டைப் போட்டுவிட்டு ஒதுங்கலாம். கடைசிச் சீட்டுக்கு 'நதி' என்று பெயர். 19ஆம் நூற்றாண்டில் நியூ ஆர்லியன்ஸிலிருந்து மிசிசிப்பி நதிப் படகுகள் வழியாகப் பரவிய ஆட்டத்தில் இப்படி ஒரு பெயர் இருப்பது பொருத்தம்தான். எத்தனை பேருடைய பணம் அந்த நதியோடு போயிருக்கிறது!

52 சீட்டில் இரண்டை எடுக்க 1,326 வழிகள் உண்டு. இஸ்பேட், ஆட்டின் என்ற வித்தியாசம் பெரிதாகப் பொருட்படுத்தாமல் வகை பிரித்தால் 169 கைகள்தான் தேறும். இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு யாரோ, எங்கோ, ஏதோ ஓர் இரவில் பெயர் வைத்திருக்கிறார்கள்.

சில பெயர்கள் உருவத்தால் வந்தவை. இரண்டு எட்டு என்றால் 'பனி மனிதர்கள்'. இரண்டு நான்கு 'பாய்மரப் படகுகள்'. இரண்டு ஜாக்கி 'தூண்டில் முள்'. ஆங்கில 'ஜே' எழுத்தின் வளைவைப் பாருங்கள். இரண்டு இரண்டு வந்தால் 'வாத்துகள்'. நம் ஊர் கிளப்புகளிலும் தமிழ்ச் சங்கப் பிக்னிக்குகளிலும் தம்போலா ஆடியவர்களுக்கு 22 என்றால் இரண்டு குட்டி வாத்து என்பது பழகிய அழைப்புதான். அது இங்கிலாந்து வழியாக வந்தது. வாத்து இரண்டு ஊரிலும் ஒன்றுதான்.

சில, எண்ணால் வந்தவை. 5-7 என்றால் 'ஹெய்ன்ஸ்'; 57 ரகங்கள் என்று விளம்பரம் செய்த தக்காளி சாஸ் கம்பெனி. 9-5 என்றால் 'டாலி பார்ட்டன்'; 1980இல் அவர் நடித்த 'நைன் டு ஃபைவ்' படத்துக்காக. 3-9 'ஜாக் பென்னி'. எத்தனை வயதானாலும் தனக்கு 39 என்றே சாதித்த நகைச்சுவை நடிகர். இரண்டு ஐந்து என்றால் 'வேக வரம்பு'. 1974இல் அமெரிக்கா முழுவதும் மணிக்கு 55 மைல் என்று சட்டம் போட்டார்கள். 1995இல் அந்தச் சட்டம் போய்விட்டது. சீட்டு மேஜையில் மட்டும் அது இன்னும் அமலில் இருக்கிறது. ஒரு நாட்டின் சினிமா, ரேடியோ, சாஸ், சட்டம் எல்லாம் 52 அட்டையில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஐம்பது வருட அமெரிக்காவை அறிய ஒருவன் சரித்திரப் புத்தகம் படிக்கலாம். கொஞ்சம் பணம் இருந்தால் போக்கரும் ஆடலாம்.

இவற்றைத் தமிழில் கொண்டுவர முடியுமா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முயன்று பார்த்தேன். தமிழ் எண்களில் எழுதினால் எட்டு '௮' ஆகிவிடும். பனி மனிதன் கரைந்து விடுகிறான். இரண்டு, '௨'. வாத்து பறந்துவிட்டது; அதன் இடத்தில் பிள்ளையார் சுழி உட்கார்ந்திருக்கிறது. ஆக, நம்மவர் பெயர் வைத்திருந்தால் இரண்டு இரண்டுக்கு 'இரட்டைப் பிள்ளையார்' என்றுதான் வைத்திருப்பார்கள். இருப்பதிலேயே மோசமான கை என்று போக்கர்காரர்கள் சொல்வது, வேறு வேறு குறி கொண்ட 7-2. ஏழும் இரண்டும் எதிலும் சேராது. இதற்கு நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை: 'ஏழரைச் சனி'.

சேதாரம் அதிகம் இல்லாமல் தமிழுக்கு வந்தது ஒன்றே ஒன்று. ஜாக்-4 என்ற கைக்கு 'டயர் பஞ்சர்' என்று பெயர். 'ஜாக் எதற்கு இருக்கிறது?' என்ற கேள்வியில் 'எதற்கு' என்பதும் 'நான்கு' என்பதும் ஆங்கிலத்தில் ஒரே ஒலி. நான்கு போய்விட்டாலும், தமிழில் காரைத் தூக்குவதும் ஜாக்கி, சீட்டுக்கட்டில் இருப்பதும் ஜாக்கி. பாதிச் சிலேடை பிழைத்தது. மொழிபெயர்ப்பாளனுக்குப் பாதி கிடைத்தாலே லாபம்.

இதுவரை வேடிக்கை. வேடிக்கை தீரும் இடம் ஒன்று உண்டு.

ஏஸும் எட்டும் சேர்ந்தால் அதற்கு 'இறந்தவன் கை' என்று பெயர். 1876 ஆகஸ்ட் 2 அன்று டகோட்டா பிரதேசத்தின் டெட்வுட் என்ற ஊரில், துப்பாக்கி வீரர் 'வைல்ட் பில்' ஹிக்காக் சீட்டாடிக்கொண்டிருந்தார். சுவரோரம் உட்காருவது அவர் வழக்கம். அன்று அந்த இடம் கிடைக்கவில்லை. ஜாக் மெக்கால் என்பவன் பின்னாலிருந்து தலையில் சுட்டான். அப்போது ஹிக்காக் கையில் இருந்தவை கறுப்பு ஏஸ் இரண்டும், கறுப்பு எட்டு இரண்டும் என்று கதை. ஆனால் அந்தச் சீட்டு விவரம் பரவியது 1926இல் ஃபிராங்க் வில்ஸ்டாக் எழுதிய ஹிக்காக் வாழ்க்கை வரலாற்றிலிருந்துதான். சம்பவம் நடந்து 50 வருடம் கழித்து. 'இறந்தவன் கை' என்ற பெயரும் அதற்கு முன்பே வேறு சீட்டுகளுக்கு வழங்கிவந்திருக்கிறது. கொலை நிஜம். மெக்காலை 1877இல் தூக்கில் போட்டதும் நிஜம். சீட்டுதான் சந்தேகம். ஆனால் இன்று ஏஸும் எட்டும் கையில் வந்தால் முதுகைத் திரும்பிப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். பெயருக்கு அவ்வளவு பலம்.

அதைவிடப் பெரிய உதாரணம் 10-2. சாதாரணமாகப் பார்த்தால் குப்பைக் கை. ஆனால் அதற்கு 'டாயில் பிரன்ஸன்' என்று ஒரு மகாராஜாவின் பெயர் இருக்கிறது. டெக்ஸாஸில் 1933இல் பிறந்த பிரன்ஸன், லாஸ் வேகஸில் நடக்கும் உலகப் போக்கர் போட்டியின் முக்கிய ஆட்டத்தில் 1976, 1977 ஆகிய இரண்டு வருடமும் சாம்பியன். முதல் வருடம் 2,20,000 டாலர். அடுத்த வருடம் 3,40,000 டாலர். இரண்டு வருடமும் இறுதி ஆட்டத்தில் அவர் கையில் இருந்தது 10-2. இரண்டு முறையும் கடைசிச் சீட்டாகப் பத்து வந்து விழுந்தது. 1976இல் அந்தக் கடைசிச் சீட்டு வரும்வரை அவர் பின்தங்கியே இருந்தார். எதிராளி ஜெஸ்ஸி ஆல்ட்டோவிடம் ஏஸ் ஜோடியும் ஜாக்கி ஜோடியும் அமைந்துவிட்டன. பார்வைக்கு வராத 44 சீட்டில் பிரன்ஸனைக் காப்பாற்றக்கூடியவை நான்கே. அதாவது 11இல் 1.

கேட்கும்போது மெய் சிலிர்க்கத்தான் செய்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்தப் பெயரைக் கேட்ட பிறகு 10-2ஐ நம்பிப் பணம் வைத்துத் தோற்றவர்கள் எத்தனை ஆயிரம் பேர்? அவர்களில் ஒருவர் பெயரும் எந்தச் சீட்டுக்கும் இல்லை. பட்டப்பெயர் என்பது ஜெயித்தவன் எழுதிவைத்த கல்வெட்டு. தோற்றவன் கல்வெட்டு வைப்பதில்லை.

பிரன்ஸன் பெயரில் இன்னொரு கையும் உண்டு: ஏஸ்-ராணி. பார்க்க லட்சணமான கை. தான் ஆடுவதைத் தவிர்க்கும் கை அது என்று தன் புத்தகத்தில் அவர் எழுதியதால் வந்த பெயர். ஆடி ஜெயித்ததால் ஒன்று, ஆடாமல் தவிர்த்ததால் ஒன்று. 2023இல் தன் 89ஆவது வயதில் இறக்கும் வரை அவரைப் போக்கரின் பிதாமகர் என்று கொண்டாடினார்கள். அவரை அத்தனை காலம் தாக்குப்பிடிக்க வைத்தது அந்த இரண்டாவது பெயர்தான் என்று நினைக்கிறேன். உலகம் நினைவில் வைத்திருப்பது முதல் பெயரை.

அழகான கைகளைப் பற்றிச் சொன்னால் ஏஸ்-ராஜாவை விட முடியாது. ஆங்கிலத்தில் ஏ, கே. டென்னிஸ் வீராங்கனை ஆன்னா கூர்னிகோவாவின் பெயரைச் சூட்டினார்கள். பார்க்க அழகு, ஜெயிக்காது என்பது கேலி. கேலி நியாயமில்லை. அவர் ஒற்றையரில் பெரிய பட்டம் எதுவும் பெறவில்லை என்பது உண்மை. ஆனால் மார்ட்டினா ஹிங்கிஸுடன் சேர்ந்து 1999, 2002 ஆகிய வருடங்களில் ஆஸ்திரேலிய ஓபன் இரட்டையர் பட்டம் வென்றவர். அந்தக் கையும் மோசமில்லை. ஆனால் ஒரு விஷயம்: ஏஸ் இஸ்பேட், ராஜா டைமண்ட் என்று வந்து, எதிரே வெறும் இரட்டைப் பிள்ளையார் இருந்தால், கடைசிவரை போனபின் பாதிக்குச் சற்று அதிகமான தடவை ஜெயிப்பது பிள்ளையார்தான். ராஜ பரம்பரை என்று பெயர் இருந்தால் போதாது.

இப்போது அக்கா மகன் விஷயத்துக்கு வருகிறேன். ஏஸ் ஜோடி கையில் வருவது 221 தடவைக்கு ஒரு தடவை. மணிக்கு 30 ஆட்டம் என்று வைத்தால், ஏழு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தால் சராசரியாக ஒருமுறை தரிசனம். அப்படிக் காத்திருந்து வந்ததை விட மனம் வராது. ராஜா ஜோடிக்கு எதிரே அது சுமார் 82 சதவீதம் ஜெயிக்கும். 82 என்பது பரீட்சையில் கிடைத்தால் வீட்டில் பாயசம். ஆனால் அதே மோதல் பத்து முறை நடந்தால், பத்தையும் ஜெயிப்பதற்கான வாய்ப்பு 14 சதவீதம்தான். அதாவது, ஒரு முறையாவது விழுவது ஏறக்குறைய நிச்சயம். பத்து பேர் உள்ள மேஜையில் ஒருவரும் ஒதுங்காமல் கடைசிவரை நின்றால், அதே ஏஸ் ஜோடி ஜெயிப்பது சுமார் 31 சதவீதமே. மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் தோல்வி. சிறந்த கை என்பதற்கு ஜெயிக்கும் கை என்று அர்த்தம் இல்லை.

இது அவனுக்குத் தெரியாதா? என்னைவிட நன்றாகத் தெரியும். அவன் படித்ததே கணக்குதான். அன்றிரவு அவன் சொன்னதும் இதைத்தான்: "நான் சரியாத்தான் ஆடினேன் மாமா. 82 சதவீதம் என் பக்கம் இருந்துச்சு." அது பொய்யில்லை. ஆனால் முழுதாகச் சொல்லப்பட்ட உண்மையும் இல்லை. பிறகு துருவிக் கேட்டதில் தெரிந்தது: ஏஸ் ஜோடியில் போனது ஒரு மாத வாடகைதான். மீதி இரண்டு மாதம் போனது அதற்குப் பின், விடிகாலைக்குள், விட்டதைப் பிடிக்க உட்கார்ந்தபோது. ஜாக்கி-4ஐக் கூட அவன் விடவில்லை. இந்த நிலைக்கும் அவர்களிடம் ஒரு சொல் இருக்கிறது: 'டில்ட்'. பின்பால் மெஷினைக் கோபத்தில் ஆட்டினால் அது 'டில்ட்' என்று விளக்கைப் போட்டு நின்றுவிடும். மனிதனுக்கு அந்த விளக்கு இல்லை. நிற்பதும் இல்லை.

அங்கேதான் எனக்குப் பட்டப்பெயர்களின் மேல் இருந்த மோகம் குறைந்தது. "ஒரு மாத வாடகையைத் தோற்றேன்" என்று சொல்ல நாக்கு கூசும். "அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விழுந்தது" என்று சொன்னால் அது விபத்து. நமக்கு அதில் பங்கில்லை. தோல்விக்கு வேடிக்கையான பெயர் இருந்தால் அது கதையாகிவிடுகிறது. கதைக்கு அடுத்த அத்தியாயம் வேண்டுமல்லவா? திரும்பவும் உட்காருகிறோம்.

பெரிய கதை ஒன்றும் துணைக்கு இருந்தது. 2003இல் டென்னஸி மாநிலத்துக் கணக்கர் ஒருவர், இணையத்தில் 86 டாலர் கட்டி ஆடிய தகுதிப் போட்டியில் ஜெயித்து, லாஸ் வேகஸ் போய், 839 பேர் கலந்துகொண்ட உலகப் போட்டியில் 25 லட்சம் டாலர் வென்றார். அவருடைய குடும்பப் பெயரே மணிமேக்கர். பட்டப்பெயர் அல்ல, பிறப்பில் வந்தது. இப்படி ஒரு பெயரைக் கதாசிரியன் வைத்தால் எந்த ஆசிரியரும் அடித்துவிடுவார். அடுத்த வருடம் 2,576 பேர் வந்தார்கள். 2006இல் 8,773 பேர். அவ்வளவு பேரும் மணிமேக்கர் ஆக வந்தவர்கள். ஆனது ஒருவர்.

நம் நாட்டில் இந்த ஆட்டங்களைப் பற்றிய வழக்கெல்லாம் ஒரே கேள்வியைச் சுற்றித்தான் வந்தன: திறமையா, அதிர்ஷ்டமா? 1968இல் உச்ச நீதிமன்றம் ரம்மி பெரும்பாலும் திறமையின் ஆட்டம் என்றது. 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் தமிழ்நாட்டுச் சட்டத்தின் தடைப் பட்டியலிலிருந்து விலக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமோ, திறமையானாலும் அதிர்ஷ்டமானாலும் பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டம் கூடாது என்று கேள்வியையே ஒதுக்கிவைத்தது. போக்கரில் திறமை உண்டு, மறுப்பதற்கில்லை. ஆயிரக்கணக்கான ஆட்டங்களில் அது தெரியும். ஓர் இரவில் தெரியாது. வாடகையோ மாதாமாதம் வருகிறது.

ரகசியம் அக்காவிடம் தங்கவில்லை. வீட்டுக்காரர் அட்வான்ஸில் கழிக்கப்போவதாக ஊருக்கே போன் செய்துவிட்டார். அக்கா எனக்குப் போன் செய்தாள். அவள் பள்ளிக்கூடத்தைப் பத்தாவதோடு விட்டவள். முப்பது வருடமாக வீட்டுக் கணக்கு எழுதுகிறவள். அவன் பக்கம் பேசுவதாக நினைத்துக்கொண்டு நான் 82 சதவீதத்தை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "சரிடா, 82 அவனுக்கு. மீதி 18 யாருக்காவது கிடைச்சுத்தானே ஆகணும்? அது வர்ற அன்னிக்கு அரிசி எங்கிருந்து வரும்னு அவன்கிட்ட கேட்டியா?" என்றாள்.

முதுகலைப் பட்டமும் சேகரித்த பட்டப்பெயர்களும் வைத்துக்கொண்டிருந்த என்னிடம் பதில் இல்லை. கடனை அவனே அடைத்தான். பதினோரு மாதம் ஆயிற்று. அதை எப்படி அடைத்தான் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. அவனுடைய மோட்டார் சைக்கிள் மட்டும் அதற்குப் பிறகு கண்ணில் படவில்லை.

போன பொங்கலுக்கு எல்லோரும் அக்கா வீட்டில் கூடினோம். மதியச் சாப்பாட்டுக்குப் பின் வழக்கம்போல் ரம்மி. பந்தயம் புளியங்கொட்டை. நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சீட்டை விரித்துப் பார்த்தவன் ஒரு கணம் அசையாமல் இருந்தான். எட்டிப் பார்த்தேன். இஸ்பேட் ஏஸ், ஆட்டின் ஏஸ். துணைக்கு எதுவும் இல்லாமல் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்.

அக்கா தன் சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே, மகன் முகத்தைப் பார்த்துவிட்டது போலக் கேட்டாள்.

"என்னடா, ஏஸா?"

"ரெண்டும்மா."

"ஒண்ணுக்குப் பத்து, இருபது பாயிண்ட். சேரலைன்னா சுமைதான். முதல்ல அதைக் கழட்டு."

அவன் சிரித்தான். ஆட்டின் ஏஸை எடுத்துக் கீழே போட்டான்.